சித்தப்பாவின் பீர்: 6.0

நாள் 211, 09:10
நிலவில் நிலவரம்: காற்று சரி, தண்ணீர் சரி, சாப்பாடு சகிக்கவில்லை. நிலையத்தில் நான் மட்டும். ஜெனிலா, வயது பதினாறு. எட்வின் சித்தப்பா பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனி தோண்டும் கொட்டகைக்குப் போயிருக்கிறார், தான் காய்ச்சிய பீரோடு. குடிக்க அல்ல. அங்கே காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் குழாய்த் திரவம் ஒழுகிவிட்டது. மாற்றுத் திரவம் தீர்ந்து இரண்டு மாதம். குழாய் மைனஸ் இரண்டு டிகிரியில் இருக்கும். தண்ணீர் உறையும், ஆறு சதவீத ஆல்கஹால் உறையாது.

09:40
சித்தப்பா விட்டுச்சென்ற மாதிரிப் புட்டியை அளந்தேன். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மிதந்து காட்டியது 1.014. காய்ச்சிய அன்று சித்தப்பா குறித்தது 1.060. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அடர்த்தி இறங்கும்; இறங்கியதை 131-ஆல் பெருக்கினால் சதவீதம்: 6.0. ரேடியோவில் சொன்னேன்.
"ஏ பிள்ள, அதுல தண்ணி கிண்ணி கலந்தியா?"
"சே! நான் தங்கம்லா சித்தப்பா."
"ஒரசிப் பாத்தாத்தான தெரியும். சரி, ஊத்துதேன்."

12:25
கலந்தேன். போன வாரம் இருபது லிட்டரில் நாலைத் திருடிப் பீர்க்கங்காய்க் கொடிக்கு ஊற்றினேன். பெயர்ப் பொருத்தம். கொடி தள்ளாடுமா என்று பார்க்க ஆசை. குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டேன்.
தண்ணீர் கலந்தால் சதவீதம் குறைவாக வரும் என்று நினைத்திருந்தேன். ஆறு வந்ததும் பொய் சொல்லத் தைரியம் வந்தது. இப்போதுதான் உறைத்தது. தண்ணீரில் மிச்சச் சர்க்கரையும் நீர்த்து, மானி இறங்கியிருக்கிறது. இறங்கியதெல்லாம் ஆல்கஹாலாக மாறியது என்றே சூத்திரம் எண்ணும். நிஜம் 4.5. அது உறையும்.

12:31
"சித்தப்பா, கலந்தேன். நாலு லிட்டர எடுத்துப் பீர்க்கங்கொடிக்கு ஊத்திட்டேன். கொழாயத் தொறந்து விடுங்க."
"தொறந்துட்டுதான் நிக்கேன். கல்லு மாரி இருக்கு."
"வண்டில ஏறி வாங்க!"
"சார்ஜ் ஏற ஒம்பது மணி நேரம். நடந்து வர ஆறு. காத்து மூணு மணி நேரம். கணக்குல புலிதான நீ, போட்டுப் பாரு."
நிலையத்தில் வேறு வண்டி இல்லை.
"அந்தக் கொடி காய்ச்சுதா பிள்ள?"
"ரெண்டு."
"கூட்டு வையி."

15:50
பதினெட்டு முறை கூப்பிட்டேன். ரேடியோ இரைகிறது.
கூட்டு வைத்தேன். இரண்டு தட்டு.
புட்டியில் ஒட்டிய 6.0-ஐ அடித்துவிட்டு 4.5 என்று எழுதியிருக்கிறேன். இதைக் கண்டெடுப்பவரே, இந்த எண்ணை நம்பலாம்.