வினாகிரி ஊற்றிப் பார்க்காத மணல்

அன்பு மச்சாள்,

நீங்கள் கடைசியாக வனைந்த ஆறு கோப்பைகளையும் சுட்டுவிட்டேன். ஒரு வருஷமாக ஏன் சுடாமல் வைத்திருந்தேன் என்பதை உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். வீட்டில் களிமண் வேலை செய்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ரிஸானா, தானும் வீட்டில் மட்பாண்டம் செய்யத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டபோது நீங்கள் எழுதிய பட்டியல், நாங்கள் வேலை செய்த கராஜில் அலுமாரிக் கதவில் அப்படியே ஒட்டியிருக்கிறது. சக்கரம் கடைசியாக வாங்கினால் போதும். முதலில் மண் சலிக்க நல்ல அரிதட்டு, தராசு, மூடியுள்ள வாளிகள். கரண்ட் சூளை சின்னதாக இருக்கட்டும். பெரிதென்றால் நிரப்புகிற அவசரத்தில் காயாத சாமானையும் உள்ளே வைக்கத் தோன்றும். ஜன்னலருகே சூளை வேண்டாம், கடற்காற்று கம்பிச்சுருளைத் தின்றுவிடும். தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அடியில் சிவப்புப் பேனையால் ஒரு வரி: எந்த மணலானாலும் முதலில் வினாகிரி (புளிக்காடி) ஊற்றிப் பார். நுரைத்தால் அதில் சிப்பி இருக்கிறது, எறிந்துவிடு.

அந்தச் சிவப்பு வரியைத்தான் நான் மீறினேன்.

களிமண்ணில் நாங்கள் கலப்பது வெருகல் ஆற்று மணல். அந்தக் கிழமை அது முடிந்துவிட்டது. உங்களிடம் சொன்னால் புதுமணல் வரும்வரை பொறு என்பீர்கள். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? கடற்கரையில் இரண்டு சிரட்டை மணல் அள்ளி, நாலு தரம் கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. கலந்துவிட்டேன். கடற்கரைக்காரிக்கு உப்பைத் தவிர வேறு பயம் வரவில்லை.

அந்த மண்ணில்தான் நீங்கள் கோப்பைகளை வனைந்தீர்கள். "இண்டைக்கு மண் நல்லாக் கைக்கு வருது, என்ன செய்தனீர்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நாலாம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பிறகு நீங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் அதே மண்ணில் நான் தட்டுகள் செய்து சுட்டேன். எடுக்கும்போது ஒரு குறையுமில்லை. மூன்றாம் நாள் 'டிக்' என்றொரு சத்தம். பல்லியாக்கும் என்று நினைத்தேன். தட்டின் விளிம்பில் நகமளவு துண்டு தெறித்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சூட்டில் சுண்ணாம்பான சிப்பி, காற்றின் ஈரம் குடித்துப் பருத்து மண்ணைத் தள்ளியிருக்கிறது. ஒரு கிழமைக்குள் அத்தனை தட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆகிவிட்டது. உங்கள் கோப்பைகளை அன்றைக்கே துணியால் மூடினேன்.

உங்கள் ஆண்டுத் துவசத்துக்குக் கனடாவிலிருந்து வந்த தர்சினிதான் அந்தத் துணியைத் தூக்கினாள்.

"மாமி, அம்மான்ர கோப்பையளைச் சுட்டுத் தாங்கோ. நான் அங்க கொண்டுபோய்த் தேத்தண்ணி குடிக்கோணும்."

அவள் போக எட்டே நாள். சூளை பழுது என்று சொல்லப் பார்த்தேன். உங்கள் கண்கள்தானே அவளுக்கு, பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"குறைஞ்ச சூட்டில சுட்டா?"

"சிப்பி சும்மா கிடக்கும். ஆனா கோப்பை பலமிராது பிள்ளை, அதில குடிக்க ஏலாது."

"அப்ப முழுச் சூட்டிலயே வையுங்கோ."

உங்கள் சொற்படி சூளையின் சூடு காட்டும் இலக்கப் பெட்டியை நம்பாமல், உரிய சூடு வந்ததும் தலை சாயும் மண்கூம்பு வளைகிறதா என்று துளைக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் கரண்ட் ஒருதரம் மினுங்கியது. தர்சினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த நாள் காலையில் மூடியைத் திறந்து, இளஞ்சூடு இருக்கும்போதே கோப்பைகளைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினோம். மெல்ல மெல்ல ஈரம் குடித்தால்தான் சுண்ணாம்பு வெடிக்கும்; ஒரேயடியாக நனைந்தால் இளகிப்போகும் என்பார்கள். சூட்டோடு நனைத்தால் கோப்பையே கீறல் விழுந்து விரியவும் கூடும். ஒன்று விரிந்தது. ஐந்து தப்பின.

அதற்குப் பிறகு காத்திருந்தோம், மச்சாள். ஃபேனைக்கூடப் போடவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் திடுக்கிட்டோம், பல்லி சொன்னால் இரண்டு பேரும் எழும்பி ஓடினோம். ஒருநாள், இரண்டுநாள், ஐந்துநாள். ஒன்றுமில்லை. நேற்றுக் காலை, விமான நிலையத்துக்குப் போகிற வான் வாசலில் நிற்க, உங்கள் பருத்திச் சேலையைக் கிழித்து நாலு கோப்பைகளைச் சுற்றிவிட்டாள். ஐந்தாவதைக் கையில் எடுக்கிறாள், 'டிக்'.

விளிம்புக்குக் கீழே வெள்ளைப் புள்ளி. நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் குசினிக்குள் போய் அதில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒழுகவில்லை. பாதியைத் தான் குடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்கு. இனி மணல் அள்ளப் போகேக்க இதில குடிச்சிட்டுப் போங்கோ, மாமி."

அச்சொட்டாக உங்கள் குரல். கோபமா, மன்னிப்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களிடம் கேட்டால் சொல்வீர்களா?

சிவப்பு வரிக்குக் கீழே, அதை மீறியவள் நான் என்று பெயரோடு எழுதி, படமெடுத்து ரிஸானாவுக்கும் அனுப்பிவிட்டேன். இனிமேல் வினாகிரி படாத மணல் ஒரு சிட்டிகைகூட உங்கள் வாளிக்குள் விழாது. அந்தப் புள்ளியைப் பெருவிரலால் தொட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி குடிப்பேன்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
பொறுமையில்லாத மச்சாள் சாந்தி