ஒரே பள்ளம், முப்பத்தெட்டுப் படம்

கும்மிடிப்பூண்டி,
புதன்கிழமை.

சைட் இன்சார்ஜ் பரணிதரன் அவர்களுக்கு, மனைவி இளமதி எழுதுவது.

இங்கே நானும் பாப்பாவும் உங்கள் அம்மாவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கப் போவதில்லை. ராய்ப்பூரில் புது ஹெல்மெட்டோடு நிற்கிற படத்தை ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஃபைபர் கேபிள் போட்டு நெட் கொடுக்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் டவர் கிடைப்பதில்லை. பதினோரு நாள் அடித்துப் பார்த்துவிட்டு இதைக் கம்பெனி விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அதில் உங்களுக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் உங்களை மாதிரியே இருக்கிறாள். அதனால் இப்போதெல்லாம் அவளை அதிகம் சிரிக்க வைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிப்காட் பின்பக்க ரோட்டில் மழைநீர்க் கால்வாய்க்காக அந்தோணி ஜேசிபி ஓட்டினான் அல்லவா, நம்ம தெருமுனை அந்தோணி. பள்ளத்தில் நின்று மண் ஒதுக்கியவர் துளசிராமன். பழவேற்காட்டுக்காரர், ஏரியில் மீன் படாத மாதங்களில் மண் வேலைக்கு வருவார். முழங்கால் ஆழம் கூடத் தோண்டவில்லையாம், நீங்கள் போட்ட கேபிள் வந்துவிட்டது. ஃபைபர் மட்டும் அறுந்திருந்தால் நாலு பேருக்கு நெட் போயிருக்கும், அவ்வளவுதான். நீங்களோ உங்கள் நெட் மெஷின் ரூமுக்குப் போகிற கரண்ட் கேபிளையும் அதே பள்ளத்தில் போட்டு வைத்திருந்தீர்கள். நீங்கள் அதைச் சொன்ன அன்று, தனிப் பள்ளம் வேண்டுமே என்று நான் கேட்டதற்கு, "ரெண்டும் பங்காளிங்கதான், ஒண்ணா படுத்துக்கினு இருக்கட்டும்" என்றீர்கள். நல்ல வசனம்.

கேபிள் கிழிந்ததுமே கரண்ட் தானாக நின்றிருக்க வேண்டும் என்கிறார்கள். நிற்கவில்லை, பள்ளத்தில் நின்ற துளசிராமன் மேல் பாய்ந்துவிட்டது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்கென்று மெஷின் ரூமுக்குப் பின்னால் மஞ்சள் பெயிண்டில் எர்த் குழி என்று எழுதி சிமெண்ட் மூடி போட்டிருக்கிறீர்களே, அதை நான் போய்த் தூக்கிப் பார்த்தேன். கம்பியும் இல்லை, கரியும் இல்லை. ஒரு காலி குட்கா பாக்கெட் இருந்தது. பெயிண்ட் மட்டும் நல்ல தரம், இரண்டு மழைக்கும் அழியவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் துளசிராமன் போய்விட்டார்.

இப்போது வழக்கு அந்தோணி மேல். கேபிள் ஐந்தரை அடி ஆழத்தில் பத்திரமாக இருந்ததாம், இவன் அனுமதியை மீறி அவ்வளவு ஆழம் தோண்டி ஒரு உயிரை எடுத்துவிட்டானாம். அதற்குச் சாட்சி உங்கள் கையெழுத்தும், டேப்பும் பலகையும் வைத்து எடுத்த முப்பத்தெட்டு போட்டோவும்.

அந்தப் போட்டோக்களை நான் மறக்கவில்லை. ரோட்டோரம் முழுக்க ரோலிங் மில்காரர்கள் கொட்டின இரும்புக் கசடு. ஜேசிபி பல் இரண்டு உடைந்ததும் உங்களுக்கு ரோஷம் வடிந்துவிட்டது. ஏரிக்கரையில் இளகின மண்ணாகப் பார்த்து ஐந்தரை அடிக்கு ஒரே ஒரு பள்ளம் வெட்டினீர்கள். சோறு கொண்டு வந்த என்னை உள்ளே இறக்கி, பலகையைப் பிடிக்கச் சொன்னீர்கள். கிலோமீட்டர் நம்பரை அழித்து அழித்து எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒரு பள்ளத்தில் மறைத்தீர்கள். படத்துக்குப் படம் ஒரே எறும்புப் புற்று பக்கத்திலேயே நிற்கிறது. பாஸ் போட்ட அதிகாரி, அந்த எறும்புகளும் கேபிளோடு நடந்து வந்தன என்று நினைத்தார் போலிருக்கிறது.

பலகை பிடித்த கையில் என் பச்சை வளையல் தெரிகிறது. அன்று நான் சிரித்தேன். என் புருஷன் மூளைக்காரன் என்று ரொம்பப் பெருமை எனக்கு. உங்களைக் காறித் துப்பத் தோன்றும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து, என்னையே நினைத்து அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அந்தோணியைப் பார்த்தேன். தாடி வளர்ந்து ஆள் பாதியாகிவிட்டான். திட்டுவான் என்று நினைத்துப் போனேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "காயிதத்துல அஞ்சர அடின்னு கீதுக்கா, போட்டோவும் கீது. நான்தான் கண்ணு தெரியாம ஆழமா நோண்டிட்டேன் போல" என்றான். தன் கண்ணை விட உங்கள் காகிதத்தை நம்புகிறான். துளசிராமனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து, சோறு இறங்காமல் கிடக்கிறான். திங்கட்கிழமை பொன்னேரியில் விசாரணை. அதில் தப்பு தன் மேல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தண்டனை குறையும் என்று உங்கள் காண்ட்ராக்டர் ஆள் சொல்லி வைத்திருக்கிறான். இவனும் தலையாட்டி வைத்திருக்கிறான்.

நான் விசாரணைக்குப் போகிறேன். ஒரே பள்ளம் என்று சொல்வேன், என் வளையலையும் காட்டுவேன். ஆனால் ரோட்டோரத்தில் எத்தனை அடியில் கேபிளைப் போட்டீர்கள் என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. அதைச் சொல்ல உங்களால்தான் முடியும். வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம், தெரியும். போனால் வாரா வாரம் வந்து பார்ப்பேன், வெட்கப்பட மாட்டேன். ஸ்டேட்டஸில் உங்கள் ஹெல்மெட்டைப் பார்க்கும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை ரயில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. இது கெஞ்சல்தான், வாங்க.

அங்கே உங்களை நம்பிப் பள்ளத்தில் இறங்குகிற ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சாயங்காலம் மேலே ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தினமும் எல்லையம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். அவர்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அதுதான்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரைக்கும் உங்கள் மனைவி,
இளமதி