கோல்பிக்காக ஹெலெனாவில் பேசிய நாள்

அன்பு மகள் இங்க்ரிட்டுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்த ஸ்காட்லாந்து ஈரத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். மாடுகள் கன்று போட ஆரம்பித்துவிட்டன, அப்பா கொட்டகையே கதியென்று கிடக்கிறார், வீட்டுக்குள் வந்தால் உன் தம்பி கோல்பியின் அறையைத் தாண்ட வேண்டியிருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை ஹெலெனாவுக்கு, மாநிலச் சட்டசபைக்குப் போய் வந்தோம். சாகவென்று மாத்திரையை விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளை, வயது வந்தவனே ஆனாலும், வேண்டாமென்று தடுத்தாலும், பெற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற மசோதாவுக்கு விசாரணை. கோல்பி முதல்முறை விழுங்கிப் படுத்திருந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேனே, அவன் இங்கே இருக்கிறானா இல்லையா என்றுகூடச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை அம்மா என்றாளே அந்தப் பெண், அதைச் சொல்லத்தான் போனேன். ரெண்டாம் முறை நமக்குத் தகவல் வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தான், அதற்குமேல் சொல்வதற்கு என்ன மிச்சமிருந்தது.

எனக்கு முன்னால் ரெனாட்டா என்று ஒரு பெண் எழுந்தாள், உன் வயதுதான் இருக்கும். அப்பனிடம் அடிபட்டு ஓடிப்போனவளாம், மாத்திரை தின்று படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு வீட்டுக்குச் சொல்லிவிட, அவன் வார்டுக்கே வந்து நின்றானாம். கோல்பியின் படத்தோடு உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, உங்க பிள்ளைக்கு நீங்க நல்ல அம்மாதாங்க, எங்க வீட்லயும் அப்படி இருந்திருந்தா நானே சொல்லச் சொல்லியிருப்பேன் என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள் இங்க்ரிட். ஆனால் நம் கோல்பி வீட்டுக்குச் சொல்ல வேண்டாமென்றுதானே சொல்லியிருக்கிறான்.

என்னைக் கூப்பிட்டார்கள். அவனைப் பற்றிச் சொன்னேன், நன்றாகத்தான் சொன்னேன். அப்போ மசோதாவை ஆதரிக்கிறீங்களாம்மா என்று விசாரணைக் குழுத் தலைவர் கேட்டதும் தெரியலீங்க என்று உட்கார்ந்துவிட்டேன். மசோதா தோற்றுவிட்டது. வீடு வந்ததும் அப்பா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், நான் அவனை அன்னிக்கு அப்படித் திட்டியிருக்கக் கூடாது மார்லிஸ் என்றார். எதற்குத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், குளிர் ஏறும்வரை அப்படியே இருந்தோம்.

நீ அப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போடு, கன்றுகளைப் பற்றியே பேசு போதும். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. உனக்கு எப்போதாவது முடியாமல் போய், வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று யாராவது கேட்டால், சொல்லுங்கள் என்று சொல் கண்ணே. நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம், வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

உன்னை நினைத்தபடி,
அம்மா மார்லிஸ்