வாசலைப் பார்க்கும் மண்டபம்

என் குறும்புக்கார அப்பாவுக்கு,

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் தெரியுமா? தினேஷ். ‘டத்தோ’ பட்டம் வாங்கிய அதே பணக்காரர் வீட்டுப் பிள்ளைதான்! அவன் அக்கா கல்யாணத்துக்கு நீங்கள் மேடைத் திரை வரையப் போனீர்கள். கூடமாட உதவ வந்த நான் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே?

ஆனாலும், சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாணத்தையே கேலிப் படமாக வரைந்துவைத்தீர்களே, இது நியாயமா? பணக்கார வீட்டுக் கல்யாணங்களைக் கிண்டல் செய்து நீங்கள் வரைந்ததையெல்லாம் போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் காட்சிக்கு வைத்தேன். அந்தப் படத்தை மட்டும் ஒளித்துவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. நீங்கள் வரைந்ததிலேயே அதுதான் அருமையான படம்.

ஹோட்டல் மண்டபம். தாலியைத் தூக்கிய மாப்பிள்ளையின் கை அப்படியே நிற்கிறது. அவன் விரலுக்கும் பெண்ணின் கழுத்துக்கும் நடுவே சிலந்தி வலை கட்டிவிட்டது. ஐயர் கொட்டாவி விடுகிறார். கூட்டம் மொத்தமும் வாசலைப் பார்க்கிறது, ஏனென்றால் வி.ஐ.பி. இன்னும் வரவில்லை! முன்னால் தொப்பையோடு நிற்பவர் சாட்சாத் என் வருங்கால மாமனார். பெண்ணின் முகத்தை மட்டும் நீங்கள் கேலி செய்யவில்லை.

டத்தோ வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “கழட்டிடும்மா. இது இங்க தொங்கினா கல்யாணம் நடக்காது லா,” என்றார். தினேஷும் வேண்டும், நீங்களும் வேண்டும், நான் என்ன செய்வேன்? “மாட்டேன் அங்கிள்,” என்று அழுதுகொண்டே சொன்னேன். தினேஷ் என் பக்கத்தில் வந்து நின்றான்.

டத்தோவின் மனைவி, டத்தின் ஆன்டி, படத்துக்குக் கிட்டே போனார். “அன்னிக்கு எம்பொண்ணு பசியில மயங்கப் பாத்தா. நாம எல்லாரும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம். இந்த மனுசன் ஒருத்தருதாங்க அவ மூஞ்சியப் பாத்திருக்காரு. படம் இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

டத்தோ படத்தில் இருந்த தொப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகனிடம், “என் தொப்பை இவ்வளவு பெருசாவாடா இருக்கு?” என்று கேட்டார். “இதவிடப் பெருசுப்பா,” என்றான் அவன். எல்லாரும் சிரித்துவிட்டோம். இதைப் பார்க்க நீங்கள் உயிரோடு இல்லாமல் போனீர்களே அப்பா!

கல்யாணம் கிள்ளானில், கோயில் மண்டபத்தில். நல்ல நேரம் வந்ததும் தாலி ஏறிவிடும். எந்தப் பெரிய மனிதருக்காகவும் நிறுத்த விடமாட்டேன், சத்தியம். வாசலைப் பார்க்கமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது அப்பா. நீங்கள் வந்தால் அந்த வழியாகத்தானே வரவேண்டும்?

உங்கள் செல்ல மகள்,
கயல்