கணக்கில் ஏறாத சம்பளம்

இன்று காலை நம் லாஸ்பேட்டை ஆடிட் அலுவலகத்துக்கு வந்தவர், வரும் வழியில் வாங்கிய ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். சூடான வாசனை அறை முழுக்கப் பரவியது. அலுவலகத்தை விலைக்குக் கேட்டு வந்திருக்கும் இளம் ஆடிட்டர் அவர். மூன்று வருடக் கணக்கை எடுத்துக் கொடுத்தேன். நேராக லாபம் எவ்வளவு என்று பார்க்கப் போனார். எனக்கோ அந்த வாசனையில் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய்.

கருவடிக்குப்பத்துக்காரர் ஒருவர், வெளிநாட்டில் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு பேக்கரியை வாங்கலாமா என்று நம்மிடம் கேட்டாரே, நினைவிருக்கிறதா? பேக்கரியின் லாபம் வருடா வருடம் ஏறியிருந்தது. கடன் இல்லை. விற்பவர் சொன்ன விலை நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. நீதான் சம்பளச் செலவில் விரலை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாய்.

"ரெண்டே பேருக்குத்தான் சம்பளம் போட்டிருக்காரு. இவ்ளோ மைதா வாங்குறாரு. யாருடி பிசையுறாங்க? வா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

உனக்கு எப்போதும் அந்தக் குறுகுறுப்புதான். லாபம் எவ்வளவு என்பதைவிட, அது யார் கையால் வருகிறது என்று தெரியாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது.

மறுநாள் காலை உன் ஸ்கூட்டரில் போனோம். பன்னைத் தின்றுகொண்டே கண்ணை மேயவிட்டாய். கல்லாவில் முதலாளியின் மனைவி. உள்ளே மாவு பிசைவது மனைவியின் தங்கை. சைக்கிளில் கடை கடையாகப் போடுவது முதலாளியின் அப்பா. இவர்களுக்கெல்லாம் என்ன தருகிறீர்கள் என்று கேட்டாய்.

"எங்க வீட்டு ஆளுங்கம்மா. அவங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்று சிரித்தார் முதலாளி.

"உங்களுக்குச் சரி சார். கடைய வாங்குறவருக்கு இவங்க வந்து வேலை செய்வாங்களா? அவரு ஆள் வச்சுதான ஆகணும்?"

ரொட்டி சுற்றும் காகிதத்திலேயே மூவருக்கும் ஊர் நடப்புப்படி சம்பளம் போட்டு லாபத்திலிருந்து கழித்தாய். பாதிக்கு மேல் போய்விட்டது. முதலாளியின் முகம் சுருங்கியது. அவர் மனைவியோ கல்லாவை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இது எனக்காங்க? மாசத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டு, காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். வியாபாரம் முடியவில்லை.

திரும்பும்போது, "அந்த வீட்ல இன்னிக்கு சண்டைதான்" என்றேன். "நல்ல சண்டைடி" என்றாய்.

நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மழைக்காலம்கூடக் கழியவில்லை. "சம்பளச் செலவு ரொம்பக் கம்மி மேடம். நல்லா நடத்தியிருக்கீங்க" என்று இன்று பாராட்டிய ஆடிட்டர் நல்ல விலையும் சொன்னார். அந்தப் பணத்தை வைத்துத்தான் நான் மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் விரல் சம்பளச் செலவில் போய் நின்றுவிட்டது.

நீ வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தினமும் நீதான் வந்து கதவைத் திறப்பாய். பாதி வேலை உன் கையில்தான் நடந்தது. சம்பளப் பேச்சை எடுத்தாலே, "வீட்டுக்காரரோட பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வருது, போதும். இங்க வந்தா நாலு கடைக் கதையாவது தெரியுது" என்று என் வாயை அடைத்துவிடுவாய்.

பொட்டலத்தைப் பிரித்து அந்தக் காகிதத்தில் உன் வேலைக்கு ஊர் நடப்புப்படி சம்பளம் போட்டேன். லாபத்திலிருந்து கழித்தேன்.

"இது யாரோட சம்பளம் மேடம்?"

"என் சினேகிதியோடது. உங்களுக்கு அவ வரமாட்டா."

யோசித்து வேறு விலை சொல்வதாகக் கிளம்பிப் போனார். குறைத்துத்தான் கேட்பார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் போன பிறகு, அந்தப் பேக்கரிக்காரம்மாவைப் போல நானும் இரண்டு தடவை பார்த்தேன். இவ்வளவா? மாசத்துக்கா? காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நீ கடைசிவரை வாங்க மறுத்த சம்பளம்டி அது.