முதசிர் படம் போட்ட ஃப்ளெக்ஸ்

பாலக்கோடு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முதசிருக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்றுதான் எங்கள் காலத்தில் கடிதம் தொடங்கும், பாதிப் பேர் அதோடு முடித்தும்விடுவார்கள், தாளில் மிச்சமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எனக்கு இன்று அந்த வரி எழுத வரவில்லை. இங்கு நலம் என்றால் பொய். நீ பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது, ஆபீஸில் கூப்பிட்டிருக்காங்க அத்தா, போயிட்டு வந்து பேசறேன் என்று வைத்தாயே, அதுதான் கடைசி. அதன் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நேற்று முன்தினம்தான் அங்கே துருக்கியில் உன் அறையில் கூட இருக்கும் வாணியம்பாடி சோஹைல் கூப்பிட்டான். உன்னை வேறு ஊரில், பேப்பர் சரியில்லாத வெளிநாட்டு ஆட்களை வைக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்களாம், அடி உதை எதுவும் இல்லையாம், போன் மட்டும் கிடையாதாம். வாரம் ஒருமுறை வக்கீல் வந்து பார்க்கிறாராம், கடுதாசி இருந்தா குடுத்தனுப்புங்க மாமா, அவர் கையில சேர்த்துடறேன் என்றான். அதனால்தான் எழுதுகிறேன். மெஹக் இதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புவாள், அவன் அச்சடித்துக் கொடுப்பான்.

உன் அக்கா மெஹக் பென்னாகரத்திலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது, அம்மாவைத் தனியாக விட வேண்டாம் என்று. அம்மா சாப்பிடுகிறாள், தொழுகிறாள், பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே போட்டாச்சா என்று என்னைக் கேட்கிறாள். மண்டி சவுரியப்பன் மாமா அங்கே வந்தபோது எடுத்த வீடியோவைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறாள். அதில் நீ அவர் மனைவி ராஜாமணி அத்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாயே, அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறாள். கழுத்தெலும்பு எப்படித் தெரியுது பாருங்க, நம்ம வூட்ல இருந்தப்ப இப்படியா இருந்தான் என்கிறாள். நான் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுகிறேன். கடையில் தார்ப்பாய் நன்றாகப் போகிறது, மழை பிடித்துக்கொண்டது, மண்டியில் தக்காளிப் பெட்டியை மூட எல்லோரும் ஓடி வருகிறார்கள். நான்தான் நாலு மீட்டர் கேட்டால் மூன்று மீட்டர் வெட்டிக் கொடுத்துத் திட்டு வாங்குகிறேன்.

முதசிர், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இரண்டு நாளாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். மாதா வீட்டைப் பார்க்க சர்ச் ஆட்களோடு சவுரியப்பன் வருகிறார், ஒரு நாள் ஓய்வு இருக்கிறது, எபேசை நீயே கூட இருந்து காட்டு என்று உன்னிடம் சொன்னவன் நான். லைசென்ஸ் உள்ள கைடு ஒருத்தர் வருவார் அத்தா, அந்த ஊர்க்காரங்கதான் கைடு வேலை பாக்கணும், நான் டிரைவர் கூட இருப்பேன், அவ்வளவுதான் என்றாய். இங்கிலீஷில் சொன்னால் அவருக்கு என்ன புரியும், அதெல்லாம் கிடையாது, தமிழில் நீ சொல் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நீயும் சரி என்றாய். நீ எப்போதுதான் இல்லை என்று சொல்லியிருக்கிறாய்?

அந்த ஒரு நாளை சவுரியப்பன் இங்கே ஒரு மாதம் சொன்னார். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனி வேனாம், ஏசியாம், காலையில் ஏற்றி மாலையில் இறக்கி விட்டாயாம். முதலில் சொல்வது அந்தக் கல் கக்கூஸைப் பற்றித்தான், வரிசையாக ஓட்டை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார்களாம் என்று மண்டியே சிரிக்கும். பிறகு நூலகம், பிறகு துறைமுகத்துக்குப் போகும் வீதி. அந்த வீதியின் முனையில் நின்று கடல் எங்கப்பா என்று அவர் கேட்க, அது ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி எட்டப் போயிருச்சுங்க மாமா, கப்பல் வந்து நின்ன இடத்துல இப்ப புல்லுதான் என்று வீடியோவில் நீ சொல்கிறாய். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பத்தாம் வகுப்பில் வரலாற்றில் முப்பத்தெட்டு வாங்கியவன். சாயங்காலம் குகைவாசிகள் முன்னூறு வருஷம் தூங்கியதாகச் சொல்லும் குகைக்கும் கூட்டிப்போனாயாம், எங்கம்மா வெள்ளிக்கிழமைதோறும் குர்ஆன்ல இவங்களைப் பத்தித்தான் ஓதுவாங்க அத்தை என்று ராஜாமணியிடம் சொன்னாயாம். அதைக் கேட்டு உன் அம்மா அழுதாள், நான் நேரே முருகேஷின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

ஆமாம், ஃப்ளெக்ஸ். இந்த ஊரில் காது குத்துக்கும் ஃப்ளெக்ஸ், கார் வாங்கினாலும் ஃப்ளெக்ஸ். நீ ஊரைவிட்டுப் போய் நாலு வருஷத்தில் உனக்கென்று ஒன்றும் வைக்கவில்லையே என்று தோன்றியது. எபேசு சென்று திரும்பிய சவுரியப்பன் தம்பதியரை வரவேற்கிறோம் என்று பெயருக்கென்று மேலே போட்டு, கீழே பத்தடிக்கு உன் படம், துருக்கி புகழ் வழிகாட்டி பாலக்கோடு முதசிர் என்று. உன் டூர் கம்பெனி பெயரும் போட்டேன். ஓரத்தில் ஒரு சிங்கம் வைக்கட்டுங்களா என்று முருகேஷ் கேட்டான், வேண்டாம் என்றேன், அந்த அளவுக்காவது அறிவு இருந்தது. மண்டி வாசலில் கட்டினோம். அதோடு விட்டேனா? அந்த ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து உன் கம்பெனியின் கூகுள் பக்கத்தில் போடு, எங்கள் மகன்தான் சிறந்த கைடு, நாள் முழுக்க அவனே எல்லாம் விளக்கினான் என்று இங்கிலீஷில் எழுது என்று அப்போது வந்திருந்த மெஹக்கிடம் சொன்னேன். அவனைக் கேட்டுட்டுப் போடலாங்கத்தா என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவன் கூச்சப்பட்டு வேண்டாம் என்பான், நீ போடு என்று சத்தம் போட்டேன். மறுநாளே நீ பதறிக் கூப்பிட்டாய், அதை உடனே எடுங்க, யார் போட்டது என்று. சவுரியப்பன் வீட்டில் யாரோ போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். நான்தான் முதசிர். எடுத்துவிட்டோம், ஆனால் அதற்குள் யாரோ பார்த்து, படம் பிடித்து வைத்து, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இது தெரியாது. மெஹக் அவளிடம் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்ப்பதில்லை. மெஹக்கை உன் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னேன், அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்றார்களாம். தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன், வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள், அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் இரண்டு வயதில் காய்ச்சல் வந்தபோது மழையில் தூக்கிக்கொண்டு ஓடினேன், அப்போது ஓட ஒரு திசையாவது இருந்தது. ஃப்ளெக்ஸை அன்றே அவிழ்த்துவிட்டேன். பழைய ஃப்ளெக்ஸ் எது வந்தாலும் வெட்டிப் பெட்டி மூட விற்கிறவன் நான், எத்தனை தலைவர்களை, எத்தனை மாப்பிள்ளைகளை வெட்டியிருப்பேன். இதைச் சுருட்டிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், யாரையும் தொட விடுவதில்லை.

படிக்கத் தெரியாத எழுத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. கொடுப்பதைச் சாப்பிடு, பிடிக்கவில்லை என்று தள்ளாதே. கூட இருப்பவர்களோடு சண்டை வேண்டாம். குளிருக்கு அந்தச் சாம்பல் ஸ்வெட்டரை சோஹைலிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், வந்து எதிரில் நின்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக எங்கள் கையில் சேர்ப்பானாக. ஐந்து வேளையும் அதுதான் கேட்கிறேன். ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுத் தூங்கு, மறந்துவிடாதே.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் ஷுக்கூர்

பின்குறிப்பு: போட்டோ எடுக்க வந்த மெஹக் இதை முழுக்கப் படித்தாள். அங்கே வாசலில் எல்லாத் தாளையும் வாங்கிப் பார்ப்பாங்கத்தா, தமிழ் தெரிஞ்ச ஆள் வெச்சும் படிப்பாங்க, டிரைவர் கூடத்தான் போனேன்னு அவன் சொல்லிட்டிருக்கான், நீங்களே காட்டிக் குடுக்கறீங்களே என்றாள். கைடு என்ற சொல்லின் மேல் ஒவ்வொரு இடமாக விரல் வைத்துக் காட்டினாள். மறுபடியும் அதே தப்பைத்தான் செய்யப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் வராது, ஃப்ளெக்ஸோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடுகிறேன், நீ வந்து படித்துக்கொள். வேறு ஒரு தாளில் இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அம்மாவும் அவள் பெயரை எழுதினாள். மெஹக் அதை அனுப்பிவிட்டாள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, அத்தாவுக்கு எழுத வேறு ஒன்றுமே இல்லையா என்று நினைத்துவிடாதே மகனே.