போர்டில் நிற்கும் மலை

அன்பு மகளுக்கு அத்தாவின் சலாம்.

நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். போன வருசம் நீ வரைஞ்ச மலையெல்லாம் நான் பெயிண்ட் அடிச்ச கடைச் சுவர் மாதிரி ஒரே பச்சையா இருந்துச்சு. இப்ப வெயில் எங்க, நிழல் எங்கன்னு எட்டாவது படிச்ச எனக்கே புரியுது.

பரீட்சைக்கு அந்தத் தேயிலைச் சரிவை நேர்ல உட்கார்ந்து வரையக் குன்னூர் வர்றேன்னு சொன்னியே. நேத்து அந்தச் சரிவுக்குப் போயிருந்தேன்.

நம்ம கடையில மாட்டின, அந்தச் சரிவை நீ வரைஞ்ச படத்தை ஒருத்தர் போன்ல பிடிச்சாரே, "உங்க பொண்ணுங்களா, அருமைங்க"ன்னு? நானும் டீ வாங்கிக் குடுத்து, படத்தோட ஒட்டி நின்னு பல்லைக் காட்டினேன். அவர் ரிசார்ட் கட்டறவராம். சரிவுக்குப் போற வழியில உன் படம்தான் ஆளுயர போர்டா நிக்குது. பின்னாடி ஒரு செடி இல்ல, ஜேசிபி வழிச்ச செம்மண்ணுதான். ஜனங்க போர்டு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க. அந்த ஆளுக்கு டீயில சர்க்கரை வேற கூடப் போடச் சொன்னேன்.

"வேற மலையை வரையச் சொல்லுங்க"ங்கறா உங்கம்மா. நான் சொல்ல மாட்டேன். நீ வா. அந்த போர்டையும் பின்னாடி இருக்கற மண்ணையும் சேர்த்தே வரை. சிவப்பு நிறையக் கொண்டா.

இப்படிக்கு,
போர்டு ஓரத்துல சட்டைக் கை மட்டும் தெரியற உன் அத்தா